படம் இருக்கு... ஊர் எங்கே பாஸ்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு வந்துட்டா சிவில், ஜியாக்ரஃபி, கம்ப்யூட்டர் சயின்ஸ்னு வித்தியாசமே இல்லாம ஒரு கூட்டம் 'எங்க ஊர் ஏரி எவ்ளோ சுருங்கிருக்குன்னு சேட்டிலைட் படத்துல பார்க்கப் போறோம்'னு கிளம்பிடுது. சூப்பர் ஐடியாதான். லேண்ட்சாட் படங்களை 2008-லயே இலவசமா திறந்துவிட்டுட்டாங்க. ஆனா, நம்மாளுங்க அங்கே போய் டவுன்லோடு பண்ணினாத்தானே? சீனியர் பென் டிரைவ்ல கொடுத்த 'சென்னை ஃபைனல் நியூ' டிஃப் ஃபைலை வாங்கி, பைத்தான்ல ரேஸ்டீரியோவை வெச்சுத் திறக்கிறாங்க.

ஃபைல் சமத்தா திறக்கும். அதுதான் வம்பே! எத்தனை பேண்ட், எத்தனை வரிசைன்னு எல்லாம் சொல்லும். 'உன் சி.ஆர்.எஸ். என்ன?'ன்னு கேட்டா மட்டும் 'நன்'னு பதில் வரும். சில சமயம் 'இடக் குறிப்பே இல்லை'ன்னு ஒரு வார்னிங்கும் எட்டிப் பார்க்கும். உடனே அந்த வார்னிங்கை மறைக்க ஒரு வரி கோடு போட்டுட்டு வேலையைப் பார்க்கிற புண்ணியவான்கள் உண்டு. கண்ணை மூடிக்கிட்ட பூனை கதைதான்.

சி.ஆர்.எஸ்.னா என்ன? ஒரு விலாசம் வருது... 'நம்பர் 12, காந்தி ரோடு'. ஊர் பேர் இல்லை. காந்தி ரோடு இல்லாத ஊர் ஏது? படத்தோட மூலை எந்த எண்ல ஆரம்பிக்குது, ஒரு பிக்ஸல் எத்தனை மீட்டர்ங்கிறதெல்லாம் டோர் நம்பர், தெரு பேர் மாதிரி. அதுக்கு டிரான்ஸ்ஃபார்ம்னு பேர். அந்த எண்கள் எந்த அளவுமுறையிலன்னு சொல்றதுதான் சி.ஆர்.எஸ். அதாவது, ஊர் பேர்.

லேண்ட்சாட் நம்ம ஊருக்குக் கொடுக்கிறது யூ.டி.எம். கணக்கு. பூமியை 6 டிகிரி அகலத்துல 60 மண்டலமா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் நடுக்கோட்டை 5,00,000 மீட்டர்னு வெச்சிருக்காங்க. சென்னை 44-வது மண்டலம். கிழக்கே சுமார் 4,20,000, வடக்கே சுமார் 14,46,000. இதே ஜோடி எண்கள் மத்த 59 மண்டலத்துலயும் உண்டு! கோவை 43-ல வருது. மதுரை 44. ரெண்டையும் பிரிக்கிற 78 டிகிரி கோடு திண்டுக்கல்லை ஒட்டித்தான் போகுது. கோவை ஃப்ரெண்டோட கோடை அப்படியே காப்பி அடிச்சு 43-னு போட்டீங்கன்னா, சென்ட்ரல் ஸ்டேஷன் மங்களூருக்கு மேற்கே அரபிக்கடல்ல மிதக்கும். சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி. பைத்தான் ஒரு எரரும் காட்டாது.

எப்படித் தொலையுது? ஜியோடிஃப்ங்கிறது சாதாரண டிஃப்தான். உள்ளே சில டேக்ல இட விவரம் ஒளிஞ்சிருக்கும். ஓப்பன்சிவியிலயோ ஃபோட்டோஷாப்லயோ திறந்து கலரை ஏத்தி சேவ் பண்ணினா, டேக் பொதுவா காலி. கூடவே ஒரு டி.எஃப்.டபிள்யூ. ஃபைல் வந்தாலும் ஏமாறாதீங்க. அதுல இருக்கிறது ஆறே எண். டோர் நம்பர் உண்டு, ஊர் பேர் கிடையாது.

வைத்தியம் என்ன? யூகிக்காதீங்க, தேடுங்க. லேண்ட்சாட்டோட எம்.டி.எல்.னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும். மண்டலம், டேட்டம், நாலு மூலை எண்கள்னு எல்லாம் அதுல பளிச்சுனு இருக்கும். டிரான்ஸ்ஃபார்மும் தொலைஞ்சு போயிருந்தா அதை வெச்சே கட்டிடலாம். ஆனா, அதுல இருக்கிற மூலை, பிக்ஸலோட நடுப்புள்ளி. ரேஸ்டீரியோ கேட்கிறது பிக்ஸலோட ஓரம். 30 மீட்டர் பிக்ஸலுக்கு 15 மீட்டர் நகர்த்தணும். அப்புறம் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு, ஃபைலை 'ஆர் பிளஸ்' மோடுல திறந்து, சி.ஆர்.எஸ்.ஸுக்கு ஈ.பி.எஸ்.ஜி. 32644-னு எழுதினா முடிஞ்சது. அது சென்னைக்கு. கோவைக்கு 32643.

இங்கேதான் பலரும் வழுக்கி விழறாங்க. 'எனக்கு அட்சரேகை, தீர்க்கரேகையில வேணும்'னு நேரா 4326-னு எழுதிடுறாங்க. விலாசத்துல ஊர் பேரை எழுதறது வேற, குடித்தனத்தையே வேற ஊருக்கு மாத்தறது வேற பாஸ்! முதல்ல சரியான பேரை எழுதணும், அப்புறம் ரீப்ராஜெக்ட் பண்ணணும். இல்லேன்னா 4,20,000 மீட்டர் அப்படியே 4,20,000 டிகிரி ஆயிடும். தீர்க்கரேகையோ 180-ஐத் தாண்டாது.

கடல்ல விழுந்தாகூட நல்லது, கண்ணுக்குத் தெரிஞ்சிடும். பயமே சின்னத் தப்புகிட்டதான். பழைய சர்வே ஆஃப் இந்தியா மேப்கள் எவரெஸ்ட் அளவையில போட்டவை. (அந்த நில அளவையே 1802 ஏப்ரல்ல நம்ம பரங்கிமலை பக்கத்துல லாம்டன் போட்ட அடிக்கோட்டுல ஆரம்பிச்சதுதான்!) அதை ஸ்கேன் பண்ணி, ஏரிக் கரையை வரைஞ்சு, 'டபிள்யூ.ஜி.எஸ். 84'-னு லேபிள் ஒட்டினா, கரை நூறு மீட்டருக்கு மேல நகர்ந்திடும். ஏரிக்குள்ள இருக்கிற தெரு உங்க ரிப்போர்ட்ல ஏரிக்கு வெளியே நிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர்ல இது வெறும் இன்டர்னல் மார்க் சமாசாரம் இல்லை.

அதனால எண்ணை எழுதினதும் மேப்பை ஒட்டிப் பாருங்க. கியூஜிஸ்ல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் கீழே போட்டு, மேலே உங்க படத்தைப் பாதி தெரியற மாதிரி வைங்க. சென்னைன்னா துறைமுகத்தோட அலைதடுப்புச் சுவர் வாகான அடையாளம். கோடு மேல கோடு விழுதான்னு பாருங்க. விழலேன்னா சீனியருக்கு ஒரு போன் போட்டு, 'ஒரிஜினல் ஃபைல் எங்கே அண்ணா?'ன்னு கேளுங்க.

அடுத்த வாரம்: படம் முழுக்க மேகம்னா என்ன பண்றது?