பிள்ளையின் பையில் இருந்த ஹரி பொட்டரும் வீட்டு நிலையில் கட்டிய தகடும்



போன கிழமை ஒரு உம்மா பாடசாலைக்கு வந்து, மகளின் பையிலிருந்து எடுத்த புத்தகமொன்றை எங்கள் மேசையில் வைத்தார். பி.எஸ்.வி. குமாரசாமி தமிழில் மொழிபெயர்த்த ஹரி பொட்டர், முதலாம் பாகம். "டீச்சர், இது முழுக்கச் சூனியமாமே. பிள்ளைட ஈமான் என்னாகும்?" என்று கேட்டார். பயந்துபோய்த்தான் கேட்டார். அதே பயம் ஊரில் இன்னும் பலருக்கு இருப்பதால் பதிலை இங்கே எழுதுகிறோம்.

சிஹ்ர் பெரும்பாவம். அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஸூரத்துல் பகராவின் 102ஆவது வசனம், கணவன் மனைவியைப் பிரிக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டவர்களைப் பற்றிப் பேசுகிறது. அது அவர்களுக்குக் கேடுதான் செய்தது, நன்மை செய்யவில்லை என்கிறது. அங்கே கண்டிக்கப்படுவது வித்தையைக் கற்றுச் செய்வது. ஒரு பையன் துடைப்பத்தில் ஏறிப் பறப்பதாக வாசித்துப் பிள்ளை சிரிப்பதும் அதுவும் ஒன்றா? இப்படிக் கதைகளே வேண்டாம் என்கிற ஆலிம்களும் இருக்கிறார்கள். அவர்களை மதிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை நாங்கள் எல்லோரும் எங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

கடையில் வியாபாரம் இல்லையென்றால், மருமகன் முகம் கொடுத்துப் பேசவில்லையென்றால், எங்கே ஓடுகிறோம்? நூல் கட்டவும் தகடு எழுதவும் "யார் செய்தது" என்று பார்க்கவும் கடன்பட்டாவது காசு கொடுக்கிறோம். இந்தப் பழக்கம் எந்தக் கதைப் புத்தகத்திலிருந்து வந்தது? பிள்ளையின் பையைத் தேடுகிற நாங்கள் வீட்டு நிலையை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அந்தக் கதையின் ஆறாம் பாகத்தில் ஒரு இடம் வருகிறது. வோல்டமோட்டின் தாய் ஒருவனுக்கு வசிய மருந்து கொடுத்துத்தான் அவனைக் கணவனாக்கியிருக்க வேண்டும் என்று டம்பிள்டோர் ஊகிக்கிறார். மருந்தை நிறுத்தியதும் அவன் வயிற்றுப் பிள்ளையோடு அவளை விட்டுப் போய்விடுகிறான். வசியத்தால் வருவது அன்பு இல்லை என்பதை இதைவிட எளிதாக ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

உண்மையில் எங்களுக்குப் பயம் வேறு இடத்தில். இப்போது பிள்ளைகள் போனில் வாசிக்கிற மாயக் கதைகளில் "விதிக்கப்பட்ட காதல்" வருகிறது. இவனுக்கு இவள் என்று பிறக்கும்போதே எழுதிவிட்டார்களாம், அவன் என்ன கொடுமை செய்தாலும் அவள் பொறுக்க வேண்டுமாம். சாதாரண தரம் எழுத முன்னமே "நீ எனக்கென்று எழுதப்பட்டவள்" என்று மெசேஜ் வந்து, அதை நம்பிப் படிப்பை விட்ட பிள்ளைகளை எங்கள் வகுப்புகளில் கண்டிருக்கிறோம். பெரியவர்களும் "நஸீபு" என்று சொல்லி நிகாஹ்வை முடித்துவிடுகிறார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் ஆகக்குறைந்த வயது ஒன்றை விதிக்கவும் இல்லை.

கத்ரை ஈமான் கொண்டவர்கள் நாங்கள். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லித் தந்தார்கள். ஹரி பொட்டரிலும் தீர்க்கதரிசனம் இருக்கிறது. அது நெவில் என்ற இன்னொரு பையனுக்கும் பொருந்தியிருக்கும். ஆனாலும் யார் எதைத் தெரிவு செய்தார்கள் என்பதில்தான் கதை போகிறது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்கு யார் சொல்வது? புத்தகத்தைப் பறித்தால் யாரும் சொல்லப் போவதில்லை. பிள்ளை போர்வைக்குள் போனில் வாசிக்கும், தனியாக.

நட்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெர்மயனியை அவள் பிறப்பைச் சொல்லி இழிவாக அழைக்கிறார்கள். கடைசிப் பாகத்தில் அவளைப் போன்றவர்களைப் பதிவு செய்து விசாரிக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2009இல் எல்லாம் இழந்த குடும்பத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் தேவையில்லை. இருவரும் ஒரே வாங்கில் இருந்து இதைப் பேசினால் அதைவிடப் பெரிய பாடம் எங்களிடம் இல்லை.

கதைக்குப் பயப்படுகிற சமூகமாக நாங்கள் இருந்ததும் இல்லை. கண்டியிலிருந்து சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். முஸ்லிம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஓயாமல் எழுதிய அதே மனிதர்தான் 1885இல் 'அசன்பேயுடைய கதை'யையும் எழுதினார். குழந்தையில் கடத்தப்பட்ட ஒருவனின் சாகசமும் காதலும் கலந்த நாவல் அது. இலங்கைத் தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படுவது அதுதான்.

அந்த உம்மாவிடம் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: மஃரிபுக்குப் பிறகு மகளைப் பக்கத்தில் இருத்தி ஒரு அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், கேளுங்கள், பிடிக்காததை அவளிடமே சொல்லுங்கள். புத்தகத்தைத் திரும்பக் கொண்டுபோயிருக்கிறார். மற்றப் பெற்றோரிடமும் அதையே கேட்கிறோம். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் கதைப் புத்தகங்களைப் பாடசாலைக்கு அனுப்புங்கள். எதைக் கொடுப்பது, எதை வைத்திருப்பது என்று சேர்ந்திருந்து பேசுவோம்.