பதினான்கு நாள் ஊழியம்

புலம்பெயர் தமிழ்த் திருச்சபை ஒன்றின் ஆண்டு மலரில் அதன் போதகர் எழுதிய கட்டுரை இப்போது வன்னிக் கிறிஸ்தவர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. ஓகஸ்ட் விடுமுறையில் இளையோரைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து இரண்டு வாரம் செய்யும் ஊழியப் பயணம் வன்னிக்குக் கடவுள் தந்த கொடை என்கிறார் அவர். அதற்கு அவர் முதலில் வைக்கும் காரணம், இந்தப் பயணம் தங்கள் பிள்ளைகளின் வாழ்வை மாற்றுகிறது என்பது.

அப்படியானால் இது யாருக்கான ஊழியம்? கட்டுரை முழுவதும் அவர்களுடைய பிள்ளைகள் அழுகிறார்கள், நன்றியுணர்வு கற்கிறார்கள், தமக்கு வாய்த்த வசதிகளின் அருமையை உணர்கிறார்கள். விசுவமடுவில் தகரக் கொட்டிலில் இருக்கும் ஒரு தாய்க்கு, ரொறன்ரோவில் வளரும் பிள்ளை மனந்திருந்துவதற்காகத் தன் வீட்டின் இல்லாமையைத் திறந்து காட்டவேண்டிய கடமை கிடையாது. அவளுடைய முற்றத்தில் நின்று எடுத்த படம் மலரின் வண்ணப் பக்கத்தில் வந்திருக்கிறது. அவளிடம் கேட்டார்களா என்று கட்டுரை சொல்லவில்லை.

அந்த மாற்றமாவது நிலைக்கிறதா? 1998இல் மிட்ச் சூறாவளி ஹொண்டுராஸை அழித்தபோது வட அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் வீடு கட்டப் பறந்தன. அந்நாட்டிலேயே வாழ்ந்துவந்த கிறிஸ்தவரான சமூகவியலாளர் கேர்ட் வெர் பீக் அதைப் பின்னாளில் ஆராய்ந்தார். பயணச் செலவையும் சேர்த்தால் ஒரு குழு கட்டிய வீட்டுக்கு ஏறத்தாழ 30,000 டொலர் போயிருந்தது. உள்ளூர் அமைப்பு அதே போன்ற வீட்டை 2,000 டொலருக்குக் கட்டியது. வீடு பெற்றவர்களிடம், யார் கட்டியது என்பதால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. போய்வந்தவர்களின் வாழ்விலும் கொடையிலும் நிலையான மாற்றம் மிகச் சொற்பம். ஒரு வீட்டுக்குச் செலவிட்ட பணத்தில் பதினைந்து குடும்பங்களுக்குக் கூரை கிடைத்திருக்கும். இந்தக் கணக்கைப் போதகர் தம் சபைக்குக் காட்டவேண்டும்.

வேதத்தைத் துணைக்கு அழைக்கிறார். இயேசு எழுபது பேரை அனுப்பினார், பவுல் ஊர் ஊராகப் போனார் என்கிறார். லூக்கா பத்தாம் அதிகாரத்தை அவர் மறுபடி வாசிக்கட்டும். அந்த எழுபது பேரும் பணப்பை இல்லாமல் அனுப்பப்பட்டார்கள். வீடு மாறித் திரியாமல் ஒரே வீட்டில் தங்கி, அந்த வீட்டார் கொடுத்ததைச் சாப்பிட்டார்கள். கொடுப்பவர்களாக வந்திறங்காமல் வாங்கிச் சாப்பிடும் விருந்தாளிகளாகப் போனார்கள். பவுல் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்துகொண்டு ஒன்றரை வருடம் இருந்தார், எபேசுவில் ஏறத்தாழ மூன்று வருடம் இருந்தார். குளிரூட்டிய வானில் காலை வந்து மாலை விடுதிக்குத் திரும்புவதற்கு அவர் பெயரைச் சொல்லக்கூடாது.

எனக்கு மிகவும் வலித்த வரி வேறு. விடைபெறும்போது சிறுவர் இல்லப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதார்களாம். தங்கள் அன்பு வேலை செய்ததற்கு அதுவே அத்தாட்சி என்று எழுதுகிறார். பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் அவர்கள். பத்து நாளில் அவர்களை ஒட்டவைத்துவிட்டு விமானம் ஏறுவதும், அடுத்த வருடம் வேறு முகங்கள் வந்து அதையே செய்வதும் ஒரு கொடுமை. அந்தக் கண்ணீரைச் சாட்சியாக எழுத ஒரு மேய்ப்பருக்கு எப்படி மனம் வந்தது?

வன்னி ஏற்கெனவே கைவிடப்பட்ட இடம். இறுதிப் போரின்போது, 2008 செப்ரெம்பரில் அரசாங்கம் வெளியேறச் சொன்னபோது ஐ.நா. அமைப்புகளும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டன. போகாதீர்கள் என்று சனம் அவர்கள் வாசலில் நின்று மன்றாடியது. போகாமல் சனத்தோடு நின்றவர்களில் குருமாரும் இருந்தார்கள். உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் முள்ளிவாய்க்கால் வரை மக்களோடு நடந்து, 2009 மே 18 அன்று போர்முனையை விட்டு வெளியேறுகையில் மாரடைப்பால் இறந்தார். அதே நாளில் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் இன்றுவரை திரும்பவில்லை. ஊழியம் என்றால் என்னவென்று இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தம் குழு நடத்தும் மருத்துவ முகாமைப் பற்றிப் போதகர் பெருமையோடு எழுதுகிறார். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு வார மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால் பதினைந்தாம் நாள் அந்தக் கிழவி என்ன செய்வாள்? வவுனியாவின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் சனத்தைத் தின்கிறது. அதற்கு வேண்டியவை நல்ல தண்ணீரும் தொடர் சிகிச்சையும். வெளியிலிருந்து வந்தும் நிலைத்து நின்றவர் உண்டு. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் இருந்தார். தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மருத்துவர்களை உருவாக்கினார். 1873இல் போனபோது அந்த மருத்துவர்கள் இங்கே இருந்தார்கள். இந்தக் குழுக்கள் போனபின் வெற்று மாத்திரை அட்டைதான் மிஞ்சுகிறது.

நிவாரணப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் ஜெபிப்போம் என்று சைவக் குடும்பங்களைத் தலைகுனியச் சொல்வதையும் நான் எதிர்க்கிறேன். பசித்தவள் கண்ணை மூடுவது விசுவாசம் ஆகாது. குழு போனபின் அயலாரின் கசப்பைச் சுமப்பவர் அந்த ஊரிலேயே இருக்கும் ஏழைப் போதகர்.

“நாங்கள் வராவிட்டால் வன்னிக்கு நம்பிக்கையை யார் கொண்டுவருவார்?” என்று முடிக்கிறார். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடர் போராட்டம் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளைப் பற்றி அவருடைய கட்டுரையில் ஒரு சொல் இல்லை. இராணுவம் பிடித்த காணிக்காக அதே ஆண்டு வீதியில் இறங்கிய கேப்பாப்புலவு மக்களைப் பற்றியும் இல்லை. நம்பிக்கையை விடாத அந்தச் சனத்திடம்தான் அவர் நம்பிக்கை கொண்டுவருவதாகச் சொல்கிறார்.

அடுத்த ஓகஸ்ட்டுக்குச் சேர்க்கும் விமானச்சீட்டுக் காசை இங்கே அனுப்புங்கள். மாதம் சில ஆயிரம் ரூபாய் கொடுப்பனவுக்குப் படிப்பிக்கும் முன்பள்ளி ஆசிரியைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எங்கே, எதற்குச் செலவழிப்பதென்பதை அந்தந்த ஊர்ச் சனம் தீர்மானிக்கட்டும். வந்துதான் ஆகவேண்டும் என்ற பிள்ளை தமிழ் படித்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு வரட்டும். படக்கருவியை வீட்டில் வைத்துவிட்டு, இங்குள்ள ஒருவருக்குக் கீழே உதவியாளாக வேலை செய்யட்டும்.