காணிக்கு ஒரு குறி

வன்னியில் 'காணி' என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. காட்டை வெட்டி வயலாக்கியவனும், முகாமிலிருந்து திரும்பி வந்து வேலிக்கம்பை மீண்டும் ஊன்றியவளும் அதன் பொருளை நன்கு அறிவர். ஆயின் நம் முன்னோர் கணக்கில் காணி ஓர் எண்ணுமாகும் என்பதை எத்தனை பேர் அறிவர்? ஒன்றை எண்பது கூறாக்கினால் ஒரு கூறு காணி. அதில் பாதி அரைக்காணி. அதிலும் பாதி, அதாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, முந்திரி. இருபதில் ஒன்று மா. பதினாறில் ஒன்று மாகாணி. வீசம் என்பதும் அதுவே. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குறி இருந்தது. நெல்லுக்குக் குறி, பணத்துக்குக் குறி, வரவுக்குக் குறி, 'மேற்படி' என்பதற்கும் குறி. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனஞ் செய்த பிள்ளைக்கு இவை அரிச்சுவடியோடு சேர்ந்த பாடம். இன்று பட்டம் பெற்ற தமிழாசிரியர் பலருக்கும் இவை வெறுங் கிறுக்கல்.

இக்குறிகள் செத்தொழிந்தன என்று கருதியிருந்தோர்க்கு 2019 மார்ச்சில் ஒரு செய்தி வந்தது. உலகெங்கும் கணினிகளும் கைபேசிகளும் எழுத்துகளை இனங்காணப் பயன்படுத்தும் யூனிக்கோடு என்னும் ஒருங்குறி, தனது 12ஆம் பதிப்பில் தமிழுக்கெனப் பின்னிணைப்புத் தொகுதி ஒன்றைச் சேர்த்தது. அதில் 51 குறிகள். முந்திரி முதல் முக்கால் வரையுள்ள பின்னங்கள், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு என்ற அளவைகள், காசு, பணம், பொன், வராகன், குழி, வேலி, நன்செய், புன்செய், உப்பளம், முதல், ஆக, வகையறா என்ற கணக்கர் சுருக்கங்கள். நாள், மாதம், வருடம், பற்று, மேற்படி முதலியவற்றின் குறிகள் 2003இலேயே இடம்பெற்றுவிட்டன. பின்னிணைப்புக்கான முன்மொழிவைச் சான்றுகளோடு எழுதி, ஆண்டுக்கணக்காக வாதாடி நிறைவேற்றியவர் ஸ்ரீரமண சர்மா என்ற ஆய்வாளர். அவ்வுழைப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் அச்செய்தியைப் படித்துவிட்டு, 'தமிழ் கணினியில் முழுமை பெற்றுவிட்டது' என்று மார்தட்டியவர்களோடு நமக்கு வழக்கு உண்டு.

ஓர் எழுத்துக்கு ஒருங்குறியில் எண் கிடைப்பதன் பயன் யாது? எண் இல்லாத எழுத்து கணினிக்கு வெறும் படம். அதைத் தேட இயலாது; வரிசைப்படுத்த இயலாது; ஒரு கணினியில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் அதுவே தெரியும் என்ற உறுதியும் இல்லை. எண் கிடைத்தபின் அது எழுத்தாகிறது. ஆனால் எண் மட்டும் போதாது. அதை வரைந்து காட்ட எழுத்துரு வேண்டும், தட்டச்சிட விசை வேண்டும், வாசிக்க மனிதர் வேண்டும். எழுத்துருவோ நோட்டோ வரிசையில் ஒன்று, வேறு ஓரிரண்டு. இலங்கையின் தமிழ் விசைப்பலகையை வகுத்த எஸ்.எல்.எஸ். 1326 தரநிலை 2008இல் எழுந்தது. அப்போது இப்பின்னக் குறிகள் ஒருங்குறியின் வாயிலையே எட்டியிருக்கவில்லை.

முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு வீட்டில் நாம் கண்டதைச் சொல்கிறோம். பிஸ்கற் தகரம் ஒன்றில், பொலித்தீன் பையால் மூன்று சுற்றுச் சுற்றி, பன்னிரண்டு ஓலைத் துண்டுகள். 2009இல் மாத்தளன் வரை, அங்கிருந்து முள்ளிவாய்க்கால் வரை, பின்னர் செட்டிகுளம் முகாம் வரை அவ்வீட்டுத் தாயார் மடியில் கட்டிக்கொண்டு சென்றவை. நகையை விற்றார், ஓலையை விடவில்லை. அவருடைய பேரன் கணினி படிக்கும் மாணவன். எழுத்துகளை மெல்ல மெல்லக் கூட்டி வாசித்தான். வயலின் எல்லையும் குளத்தின் பெயரும் வந்தன. எண் வந்த இடத்தில் நின்றுவிட்டான். பக்கத்து வளவிலிருந்து எண்பது கடந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். அவர் ஓலையை வெயிலில் சாய்த்துப் பிடித்து, 'அரையே அரைக்கால்' என்றார், கடைக்காரன் விலை சொல்வதுபோல. பையன் அதைத் தன் கைபேசியில் பதிய முயன்றான். விசை இல்லை. எங்கிருந்தோ அக்குறியைப் பிரதிசெய்து ஒட்டினான்; திரையில் ஒரு வெற்றுச் சதுரம் வந்தது. அந்தக் குடும்பத்தின் வயல் எவ்வளவு என்று எழுதியிருந்த இடத்தில் வெற்றுச் சதுரம்!

இது பழமை மோகம் கொண்டோரின் பொழுதுபோக்கு என்று எவரும் எண்ணவேண்டாம். 2025 மார்ச் 28ஆம் நாள் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வடமாகாணத்தில் 5,941 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வர வேண்டும் என்றும், தவறினால் அது அரச காணியாகும் என்றும் கூறிற்று. அதில் முல்லைத்தீவில் 1,703 ஏக்கர், கிளிநொச்சியில் 515. எதிர்ப்பும் வழக்கும் எழுந்தபின் அது கைவிடப்பட்டது உண்மையே. ஆனால் அந்த மூன்று மாதமும் வன்னியில் எத்தனை தகரப்பெட்டிகள் திறக்கப்பட்டன! உறுதி எரிந்தவர், உறுதி நனைந்தவர், உறுதி இருந்தும் அதன் பழந் தொடரை வாசிக்க ஆளில்லாதவர். காணி உள்ளவன் தன் காணியின் அளவைத் தானே வாசிக்க இயலாமற் போவதை நாம் மொழிப் பிரச்சினை என்று மட்டும் கருதவில்லை.

51 குறிகளைக் கொண்ட அப்பட்டியலை மீண்டும் பாருங்கள். வேலி இருக்கிறது, குழி இருக்கிறது. பரப்பு இல்லை. இலாச்சம் இல்லை. அவணம் இல்லை. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று வடபுலத்துப் பிள்ளையும் சொல்லும். நெல்லை அவணத்தால் எண்ணிய தலைமுறை நம் கண்முன்னே மறைந்தது. பட்டியலை ஆக்கியவர் நம்மை ஒதுக்கினார் என்று நாம் சொல்லவரவில்லை. ஒருங்குறி அவை சான்று கேட்கிறது: இக்குறி எங்கே எழுதப்பட்டிருக்கிறது, ஏட்டின் படத்தைக் காட்டு என்கிறது. தஞ்சாவூரில் ஏடு இருந்தது, சென்னையில் இருந்தது, காட்டினார்கள். நம் ஏடுகள் எங்கே? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு எரிந்தவை போக, எஞ்சியவை ஊரூராய் இடம்பெயர்ந்து, பதுங்குகுழி மண்ணில் மக்கி, கடைசியில் ஒரு தாயின் மடியில் பன்னிரண்டு துண்டுகளாய் நிற்கின்றன. வீடு எரிந்தவனிடம் வீடு இருந்ததற்குச் சாட்சி கேட்பது போன்றது இது.

அதற்காகச் சான்றே வேண்டாம் என்போமா? அதுவும் தகாது. 1978இல் யப்பான் தன் கணினிகளுக்கான எழுத்துப் பட்டியலை வகுத்தபோது, ஊர்ப்பெயர்களிலிருந்து சீன எழுத்துகளைத் திரட்டினார்கள். மலையைக் குறிக்கும் எழுத்தையும் பெண்ணைக் குறிக்கும் எழுத்தையும் தனித்தனித் தாளில் வெட்டி ஒட்டி ஓர் அரிய எழுத்தைச் செய்தார் ஒருவர். ஒட்டிய தாளின் விளிம்பு நிழலாய் விழுந்தது. அந்த நிழலையும் ஒரு கோடென்று கருதிப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். எந்த நூலிலும் இல்லாத, எவரும் எழுதாத அவ்வெழுத்து இன்றும் உலகக் கணினிகள் அனைத்திலும் குடியிருக்கிறது. அத்தகையவற்றைப் பேயெழுத்து என்கிறார்கள். அவசரத்திலும் பெருமையிலும் நாமும் பேய்களைப் படைக்க வேண்டியதில்லை. வீசத்துக்கும் அரைக்கும் இரண்டிரண்டு வடிவங்கள் ஏடுகளில் வழங்கியமையால் இரண்டிரண்டு எண்கள் தரப்பட்டன. எது சரி என்று பண்டிதர் ஒருவர் வீட்டிலிருந்து தீர்ப்பளிக்கவில்லை. எழுதிய கைகளே சாட்சியாயின. அந்த முறையையே நாமும் வேண்டுகிறோம்.

ஆனால் சாட்சி தேடப் புறப்படுவோர் யார்? சீன எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டவை ஏறிவிட்டன. 2001இல் ஒரே தவணையில் 42,711. ஒரே ஒரு பழம் நூலில், ஒரே ஓர் ஊர்ப்பெயரில் வரும் எழுத்துக்கும் இடம் கிடைத்தது. பல நாடுகளின் அரசுகளும் அறிஞர்களும் ஒரே குழுவில் அமர்ந்து ஆண்டுதோறும் அதைச் செய்கிறார்கள். தூரம் போவானேன்? 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தில் உட்பிரிவுகளை எண்ணிய பழஞ் சிங்கள இலக்கங்களைக் கொழும்பு அறிஞர்கள் தேடி எடுத்தார்கள். 2014இல் அவை ஒருங்குறியில் ஏறின. அதனால் நமக்குப் பொறாமை இல்லை. அண்டை வீட்டார் தம் பழங்கணக்கைக் காத்தது நல்லதே. நம் வீட்டில் ஏன் எவரும் அசையவில்லை என்பதே வினா.

அசையாமலும் இல்லை! 2010இல் கிரந்தத்துக்குத் தனித் தொகுதி வகுக்கும் முன்மொழிவில் ழ, ற, ன முதலிய தமிழெழுத்துகள் சேர்க்கப்படப் போகின்றன என்றதும் தமிழுலகம் கொதித்தெழுந்தது. அறிக்கைகள் பறந்தன, தமிழக அரசே மத்திய அரசுக்கு எழுதி அதை நிறுத்திவைக்கக் கோரிற்று. ஈழத்திலும் பேனாக்கள் கூராயின. அக்கவலை நியாயமா என்ற விவாதம் இங்கு வேண்டாம். ஆனால் அதில் நூறில் ஒரு பங்கு, வேண்டாம், ஒரு முந்திரியளவு ஆர்வம் உழவனின் கணக்குக் குறிகள்மீது காட்டப்பட்டதா? 'தமிழுக்கு 247 எழுத்துப் போதும், இந்தச் சுமை எதற்கு' என்று கேட்ட அறிஞரையும் நாம் அறிவோம். 247 எழுத்தில் காவியம் பாடலாம். கதிர் அறுத்தவனின் பங்கை எழுத அவனுக்கு வேறு சில குறிகளும் வேண்டியிருந்தன.

கல்லின்மேல் எழுதியதற்கு நம்மிடம் மதிப்புண்டு. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில், விசாகன் என்ற தமிழ் வணிகனின் குகை என்று கூறும் பிராமிக் கல்வெட்டைப் பற்றி நம் வரலாற்றாசிரியர்கள் எத்தனையோ கட்டுரை எழுதிவிட்டனர்; இன்னும் எழுதட்டும். பிராமி 2010இல் ஒருங்குறியில் ஏறியது. பழந்தமிழுக்கு வேண்டிய குறில் எகர ஒகரங்களும் புள்ளியும் 2021இல் சேர்ந்தன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய வணிகனை இன்று கணினியில் தட்டச்சிடலாம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் விதைநெல் கடன் வாங்கிய கமக்காரனோ ஓலையிலேயே கிடக்கிறான்.

செய்ய ஆளில்லை என்பது பொய். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடம் இயங்குகிறது. 2021 முதல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் ஏடுகளைப் படமெடுக்கும் அனுபவமும் உடையது. ஓலை வாசிக்கத் தெரிந்த முதியவர் ஊருக்கு ஒருவரேனும் இன்னும் இருக்கிறார். பத்தாண்டு கழித்து இருக்கமாட்டார். நம் மாணவருக்கு ஒரு பருவச் செயற்றிட்டமாக விசைப்பலகை ஒன்றை ஆக்கச் சொன்னால் ஆக்கிவிடுவர். முதியவரை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்க இயலாது.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரளும். அன்று வீதியோரத்தில் ஒரு கொட்டகை, இரண்டு படப்பிடிப்புக் கருவிகள், வாசிக்கத் தெரிந்த பெரியவர் மூவர், எழுதிக்கொள்ள மாணவர் பத்துப்பேர். பழைய கோவிற் கணக்கு, கடன்சீட்டு, உறுதி, விதைநெற் கணக்கு, எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்வோம். எந்த ஊர், எந்த ஆண்டு, குறி என்ன, பெரியவர் அதை எப்படி வாசித்தார் என்று பதிவோம். பரப்புக்கும் அவணத்துக்கும் நம் கணக்கர் தனிக்குறி இட்டிருந்தால் அது அங்கே வெளிப்படும். இடவில்லையெனில் அதுவும் தெளிவாகும். ஒன்று மட்டும் கட்டாயம்: படம் எடுத்தவுடன் ஓலையை வந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முள்ளிவாய்க்கால் வழியே அதைச் சுமந்துவந்தவர் இனி எவரிடமும் அதை விட்டுச் செல்லமாட்டார்.