வாக்காளர் அட்டை தலைவர் கையில் எதற்கு?

தேர்தல் என்றதும் மாதிரி வாக்குச்சீட்டு வந்து குவிகிறது. எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி, எந்த மூன்று இலக்கத்துக்கு விருப்பு வாக்கு என்று அச்சடித்தே தந்துவிடுகிறார்கள். அதில் பிழையில்லை. புள்ளடி போடத் தெரியாமல் வீணாகும் வாக்குகளை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் சீட்டைத் தருகிற கை, போட்டாயா என்று கேட்கவும் தொடங்கும்போதுதான் வில்லங்கம்.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வாக்குச்சீட்டை அரசாங்கம் அச்சடிக்கவில்லை. கட்சிகளே அச்சடித்தன. ஊர்ச்சபை முதல் ஜனாதிபதி வரை தங்கள் ஆட்களின் பெயரை ஒரே தாளில் வரிசையாகப் போட்டு, வாக்குச்சாவடி வாசலில் கொடுத்தார்கள். தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று நிறத்தாளிலும் அடித்தார்கள். பிடிக்காத பெயரை வெட்டலாம், மேலே வேறு பெயரை ஒட்டலாம். ஆனால் அந்தத் தாளை எல்லாரும் பார்க்கத்தான் பெட்டியில் போட வேண்டும். ஆலை மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றால் தொழிலாளி எந்த நிறத்தை எடுப்பான்? நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துரையும் கணக்கப்பிள்ளையும் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று லயத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

அரசாங்கமே ஒரே சீட்டை அச்சடித்து, மறைவில் குறிக்க விடும் முறை 1856இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. அமெரிக்காவில் 1888க்குப் பிறகுதான் பரவியது. அங்கேயும் ஒரு கொடுமை. தென் மாநிலங்கள் சில, வாசிக்கத் தெரியாத கறுப்பின மக்களை ஒதுக்கவே அதே சீட்டைப் பயன்படுத்தின. நம் நாட்டுச் சீட்டில் சின்னம் இருப்பதன் அருமை அதில் தெரிகிறது.

நம் நாட்டில் சின்னம் முதலில் இருக்கவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. சீட்டில் எதுவும் எழுதத் தேவையில்லை, விரும்பிய நிறப்பெட்டியில் போட்டால் போதும். வெறும் சீட்டுத்தானே, சிலர் போடாமல் மடியில் கட்டி வெளியே கொண்டுவந்து விற்கவும் முடிந்தது. 1947இலும் நிறப்பெட்டிதான். அந்தத் தேர்தலில்தான் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை.

1952இல் நிறம் போய்ச் சின்னம் வந்தது. ஒரே பெட்டி, மறைவான புள்ளடி. அந்த நல்ல முறை வந்தபோது நம் பாட்டன் பாட்டிகளில் பெரும்பாலானோர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்தது, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்கைப் பறித்தது. கடைசியாக எஞ்சியவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க 2003 வரை ஆனது. இடையில் 1958, 1977 கலவரங்களில் அடிபட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் எத்தனை! பரந்தன்–முல்லைத்தீவு வீதி நெடுகக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு காத்திருந்து வாங்கிய வாக்கை யாரும் எண்ணிப் பார்த்து வசூலிக்க முடியாது. தோட்டத்தில் இன்னும் பல லயங்களுக்குக் கடிதம் நேரே வருவதில்லை, அலுவலகம் போய்த்தான் வருகிறது. அந்த வழியில் வாக்காளர் அட்டைகள் மொத்தமாக ஒருவர் கையில் சேர்கின்றன. அவர் தோட்டத் தலைவராக இருக்கலாம், கட்சிக்காரராக இருக்கலாம், நம் சங்கக்காரராகவே இருக்கலாம். "நம்ம ஆள்தானே" என்பது இங்கே செல்லாது. அட்டையை உரியவரிடம் உடனே கொடுக்க வேண்டும். நம் கிளைகள் எதுவும் அட்டை சேகரிக்கக் கூடாது, யாருக்குப் போட்டாய் என்று கேட்கக் கூடாது. வரும் மகாசபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. சங்கம் ஒரு கட்சியை ஆதரிக்கட்டும், மேடை போட்டுச் சொல்லட்டும். அதற்கு மேல் மறைப்புக்குள் தொழிலாளி தனியாகத்தான் போக வேண்டும்.

அட்டை கைக்கு வராவிட்டாலும் பயப்பட வேண்டாம். இடாப்பில் பெயர் இருந்து, தேசிய அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம். கைத்தொலைபேசியை வாக்குச்சாவடிக்குள் கொண்டுபோகக் கூடாது, ஆகவே "படம் எடுத்துக்கொண்டு வா" என்பவனுக்கு அதையே பதிலாகச் சொல்லுங்கள்.

கொழும்பிலும் மலையிலும் வேலை, வாக்கு மட்டும் முரசுமோட்டையில் என்றிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு விசயம். வாக்களிக்கச் சம்பளத்துடன் லீவு உண்டு: 40 கிலோமீற்றருக்குள் அரைநாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் கிளைச் செயலாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.