ஊரைக் கேட்டு ஊரை இணைக்கட்டும்

சங்கக் கூட்டத்தில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் நாம் முதலில் கேட்பது, "சொந்த ஊர் எது?" என்பதுதான். அவரும் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்துவதில்லை. பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்லி, அங்கிருந்து எத்தனை மைல் என்று தம் சிற்றூரை அடையாளம் காட்டிய பிறகே அவருக்குத் திருப்தி. அப்படிப்பட்ட சிற்றூரின் ஊராட்சியை ஒரு நாள் கலைத்து, வேறொன்றோடு சேர்த்துவிட்டால் அது நன்மையா, தீமையா?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது ஸ்விட்சர்லாந்தில் உள்ள கிளாரஸ். ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் அமைந்த இந்தச் சின்னஞ்சிறு மாநிலத்தின் மக்கள் தொகை சுமார் 40,000. நம் ஊர்க் கணக்கில் ஒரு சிறு நகரம். ஆனால் அங்கே 25 உள்ளாட்சிகள் இருந்தன. சிலவற்றில் சில நூறு பேரே வசித்தனர். ஊர் மன்றப் பொறுப்புகளை மக்கள் தங்கள் பிழைப்புக்கிடையே பகுதி நேரமாகக் கவனிப்பது அந்நாட்டு வழக்கம். காலப்போக்கில் அதற்கு ஆள் கிடைப்பதே அரிதாயிற்று. சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் என்று செலவு வளர, சிற்றூர்களின் வருமானம் போதவில்லை.

கிளாரஸில் ஓர் அரிய மரபு இன்றும் உண்டு. ஆண்டுதோறும் மே மாதம் வாக்காளர்கள் திறந்தவெளியில் கூடி, வாக்கு அட்டையை உயர்த்திக் காட்டிச் சட்டங்களை முடிவு செய்கிறார்கள். எந்த வாக்காளரும் மேடையேறித் திருத்தம் சொல்லலாம். 2006 மே 7 அன்று கூடிய சபையில், 25 உள்ளாட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசு யோசனை வைத்தது. சாதாரணக் குடிமகன் ஒருவர் எழுந்து, மூன்றே போதும் என்றார். அரசே திகைத்துப்போக, சபை அவர் பக்கம் சாய்ந்தது!

எதிர்ப்பு எழாமல் இல்லை. முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரிக் கையெழுத்துத் திரட்டினார்கள். 2007 நவம்பர் 25 அன்று சிறப்புச் சபை கூடியது. ஓராண்டுக்கு மேல் வீட்டிலும் கடைத்தெருவிலும் விவாதித்துவிட்டு வந்த மக்கள், இம்முறை தெளிவான பெரும்பான்மையோடு அதே முடிவை உறுதி செய்தார்கள். 2011 ஜனவரி 1 முதல் வடக்கு கிளாரஸ், கிளாரஸ், தெற்கு கிளாரஸ் என மூன்றே உள்ளாட்சிகள்.

இணைப்பால் எல்லாம் இன்பமயமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. தெற்கு கிளாரஸின் பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் அளவு! அதில் வசிப்பவர்களோ 10,000 பேருக்கும் குறைவு. மலை மேல் இருப்பவருக்கு அலுவலகம் தூரமாகிவிட்டது. ஆனாலும் எல்ம், லின்தால், ஷ்வாண்டன் என்ற ஊர்ப் பெயர்கள் மக்கள் நாவில் வாழ்கின்றன. 2023 ஆகஸ்டில் ஷ்வாண்டனில் மண் சரிந்து வீடுகள் அழிந்தன. அத்தகைய சுமையை ஒரு சிற்றூர் தனியே தாங்குவதைவிட, பதின்மூன்று ஊர்கள் சேர்ந்து தாங்குவது எளிதல்லவா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020ல் இமாச்சலப் பிரதேசத்தில் மண்டி, சோலன், பாலம்பூர் ஆகிய மலையூர்கள் மாநகராட்சிகளாயின. சுற்றியிருந்த கிராமப் பகுதிகளும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. இப்படிச் சேர்க்கப்படும் கிராமத்தார் பல இடங்களில் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். வீட்டு வரி வரும். கிராமங்களுக்கான வேலைத் திட்டம் போகும். வயலும் தோட்டமுமாக இருப்பவனுக்கு நகர விதிகள் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அரசு சொல்லும் காரணங்களும் பொய்யல்ல. குப்பை, கழிவுநீர், தாறுமாறான கட்டடங்கள் ஆகியவற்றைச் சமாளிக்கும் வலு ஒரு சிறு ஊராட்சிக்கு இல்லை.

ஆனால் முடிவு செய்வது யார்? நம் அரசியல் சட்டத்தின் 243க்யூ பிரிவின்படி, எந்தப் பகுதி நகர்ப்புறம் என்பது ஆளுநரின் அறிவிப்பால் தீர்மானமாகிறது. ஆட்சேபம் எழுதித் தரலாம். ஆனால் ஊரார் வாக்களித்து ஏற்கவோ மறுக்கவோ வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. கிராம சபை என்ற அருமையான அமைப்பை வைத்துக்கொண்டே, அந்தச் சபையின் உயிர் போகும் விஷயத்தில் அதன் முடிவுக்கு இடமில்லை!

கிளாரஸைப் போல நாமும் இருபத்தைந்தை மூன்றாக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். இணைப்பதும் இணைக்காததும் அந்தந்த ஊரின் தேவையைப் பொறுத்தது. இணைப்பதற்கு முன் வரி எவ்வளவு கூடும், எந்த வசதி எப்போது வரும் என்று எழுத்தில் வைத்து, கிராம சபையின் ஒப்புதலைப் பெற வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். இருந்தும் யாராவது கேட்டால் அந்தச் சிற்றூரின் பெயரைத்தான் சொல்கிறோம். அந்த ஊரின் தலைவிதியை அங்கே இருப்பவர்களே எழுதட்டும்.