செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

தமிழ் மன்றப் பட்டிமன்றங்களில் எத்தனை முறை பேசினாலும் தீராத வழக்கு ஒன்று உண்டு. சிறந்தவன் கும்பகருணனா, வீடணனா? அண்ணன் செய்தது தவறு என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதை அவனிடம் எடுத்துரைத்தார்கள். அவன் செவிசாய்க்கவில்லை. ஒருவன் உண்ட சோற்றுக்காகப் போர்க்களம் புகுந்து மடிந்தான். மற்றவன் அறத்தின் பக்கம் சென்று சேர்ந்தான்.

சென்ற ஆண்டு நடந்த பட்டிமன்றத்தில் நான் கும்பகருணன் பக்கம் நின்று பேசினேன். வீடணனைக் காட்டிக்கொடுத்தவன் என்று சாடியபோது அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டல் அடங்கிய பிறகு ஓர் ஐயம் என்னைத் தொடர்ந்தது. கும்பகருணனுக்குக் கடன் இருந்தது; ஒப்புக்கொள்வோம். ஒரு வாக்காளனுக்கு என்ன கடன்? தான் நம்பும் கட்சி, பழிக்கு ஆளான ஒருவரை வேட்பாளராக நிறுத்தினால், தவறு என்று தெரிந்தே அவனும் அந்தப் பக்கம் நின்றுதான் தீர வேண்டுமா?

இவ்வினாவை, உண்மையில் நடந்த ஒரு தேர்தலைக் கொண்டு ஆராய விரும்புகிறேன். நம் ஊர் எடுத்துக்காட்டைச் சொன்னால் நாம் ஒவ்வொருவரும் தத்தம் கட்சிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வோம். ஆகவே தொலைதூரத்து எடுத்துக்காட்டு ஒன்றையே தேர்ந்தேன்.

அலபாமாவில் வந்த சோதனை

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலம் குடியரசுக் கட்சியின் கோட்டை. 1992-க்குப் பின் அங்கிருந்து ஜனநாயகக் கட்சியினர் ஒருவரும் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 2017 டிசம்பர் 12-ஆம் நாள் அங்கே ஓர் இடைத்தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ராய் மூர், மாநிலத் தலைமை நீதிபதியாக இருந்தவர். நீதிமன்றக் கட்டடத்தில் தாம் நிறுவிய பத்துக் கட்டளைக் கல்லை அகற்ற மறுத்து 2003-இல் பதவி இழந்தவர். எனவே சமயப் பற்றுள்ள மக்களிடையே அவருக்குப் பெருமதிப்பு இருந்தது. எதிர்த்து நின்றவர் டக் ஜோன்ஸ். 1963-இல் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு கறுப்பினச் சிறுமியரைக் கொன்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து அவ்வழக்கில் இருவருக்குத் தண்டனை வாங்கித் தந்த அரசு வழக்கறிஞர் அவர்.

தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில், நவம்பர் 9-ஆம் நாள், ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. 1979-இல், தமக்கு 14 வயதாக இருந்தபோது, 32 வயதான மூர் தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று ஒரு பெண்மணி கூறியிருந்தார். வேறு பெண்களும் முன்வந்து பேசினார்கள். மூர் அனைத்தையும் மறுத்தார். வாக்குச்சீட்டில் வேட்பாளரை மாற்றவும் காலம் கடந்துவிட்டது. தேர்தல் நாளுக்குள் நீதிமன்றம் எதுவும் உண்மையை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்ல வழியில்லை. தீர்ப்பு வாக்காளர் கையில் வந்து விழுந்தது.

அம்மாநில ஆளுநர் கே ஐவி என்ற பெண்மணி. அப்பெண்களை நம்பாதிருக்கத் தமக்குக் காரணம் எதுவும் இல்லை என்றார். ஆயினும் மூருக்கே வாக்களிப்பதாகச் சொன்னார். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்துக்கு ஒப்புதல் தரும் சபை செனட். அங்கே தம் கட்சிக்குப் பெரும்பான்மை வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். அதே கட்சியின் மூத்த செனட்டர் ரிச்சர்டு ஷெல்பி வேறு வழி கண்டார். அந்நாட்டுச் சீட்டில் அச்சிடாத ஒருவர் பெயரைக் கையால் எழுதியும் வாக்களிக்கலாம். அவர் மூரை விடுத்து, தம் கட்சியைச் சேர்ந்த வேறொருவர் பெயரை எழுதி வந்தார். அதை வெளிப்படையாகவும் சொன்னார்.

முடிவு என்ன? ஜோன்ஸ் ஏறத்தாழ 22,000 வாக்கு வேறுபாட்டில் வென்றார். கையால் பெயர் எழுதிய சீட்டுகள் 22,800-க்கும் மேல்! கறுப்பின மக்கள் திரண்டு வந்து வாக்களித்தது வெற்றிக்குப் பெருங்காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்தச் சில ஆயிரம் சீட்டுகளை நான் மறக்க முடியவில்லை. மாற்றுக் கட்சிக்குப் போகவும் மனமில்லை, தம் கட்சியின் வேட்பாளரை ஏற்கவும் மனமில்லை என்று தவித்த எத்தனையோ பேரின் கையெழுத்து அவற்றில் இருந்திருக்கும்.

எதிர்த்தரப்பின் நியாயம்

ஆளுநரின் வாதத்தை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஓர் உறுப்பினர் தனி மனிதர் அல்லர்; ஒரு கொள்கைக்குக் கிடைக்கும் ஒரு கை. கருக்கலைப்பைக் கொலை என்று மனமார நம்பிய அலபாமா வாக்காளருக்கு, அதை உரிமை என்று கூறிய ஜோன்சுக்கு வாக்களிப்பதும் ஒழுக்கக்கேடாகவே தோன்றியிருக்கும். ஆகவே இது ஒழுக்கத்துக்கும் கட்சிக்கும் இடையே நடந்த போர் மட்டும் அன்று. ஓர் ஒழுக்கத்துக்கும் இன்னோர் ஒழுக்கத்துக்கும் இடையே நடந்த போருமாகும்.

இன்னொரு வாதமும் உண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி அல்லரோ? உண்மை. ஆனால் அது தண்டனைக்கு உரிய விதி. ஒருவரைச் சிறையில் அடைக்க ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும். வாக்கு மறுப்பது தண்டனை ஆகாது. பதவி எவருக்கும் பிறப்புரிமை அன்று. வீட்டுச் சாவியை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் அவர் மேல் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறதா என்றா பார்க்கிறோம்? அக்கம்பக்கத்தில் விசாரித்து, நம்பிக்கை இருந்தால் கொடுக்கிறோம், இல்லையேல் இல்லை. ஆனால், எதிரியின் மேல் பழி வந்தால் உடனே நம்புவதும், நம்மவர் மேல் வந்தால் சதி என்பதும் விசாரணை ஆகா. இருவரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும்.

கடன்பட்டவர் யார்?

இவ்வளவு எழுதிய பின் என்னை நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரே சின்னம். “ஆளைப் பார்க்கிறதில்லைடா, சின்னத்தைத்தான் பார்ப்பேன்” என்பார் தாத்தா. எங்கள் தெருவுக்கு விளக்கும், என் தந்தைக்குப் பள்ளிப் படிப்பும் அந்தக் கட்சியால் வந்தவை என்பது அவர் நம்பிக்கை. அது மூடத்தனம் அன்று, நன்றியுணர்வு. நன்றியை இகழ எனக்கு மனம் வராது.

ஆனால் கணக்கைச் சற்றுத் திருப்பிப் பார்த்தேன். கும்பகருணன் உண்டது அரசன் இட்ட சோறு. வாக்காளன் யார் சோற்றை உண்கிறான்? விளக்குக் கம்பம் அவன் வரிப்பணத்தில் நட்டது. தலைவர் ஏறும் மேடையும், அமரும் நாற்காலியும் அவன் வாக்கால் வந்தவை. செஞ்சோற்றுக் கடன் பட்டது கட்சி, வாக்காளன் அல்லன்! கடன் கொடுத்தவனே கடனாளி போல் கைகட்டி நிற்பதுதான் நம் காலத்து விந்தை.

பட்டிமன்றத்தில் நான் செய்த பிழை இப்போது விளங்குகிறது. வாக்காளனைக் கும்பகருணன் இடத்தில் நிறுத்தினேன். அவன் அந்தக் கதையில் வரும் தம்பியே அல்லன், சோறிடுபவன்.

“கட்சி தோற்றுவிடுமே” என்ற அச்சத்துக்கும் அலபாமா விடை தருகிறது. நீதிபதி நியமனம் என்ன ஆகுமோ என்று அஞ்சினார்கள். 2018-இல் ஜோன்ஸ் எதிர்த்து வாக்களித்தும் அக்கட்சி விரும்பிய நீதிபதி பதவியேற்றார். 2020-இல் மூர் மீண்டும் போட்டியிட விரும்பினார். உட்கட்சித் தேர்தலிலேயே அவரைக் கட்சியினர் ஒதுக்கினார்கள். அக்கட்சி வேறொருவரை நிறுத்தி, பெரும் வேறுபாட்டில் அதே இடத்தைத் திரும்பப் பெற்றது. இவை எதுவும் 2017-இல் பெயர் எழுதியவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே எழுதினார்கள், அதுதான் அவர்கள் துணிவு.

நமக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. வேட்பாளர் மேல் உள்ள வழக்குகளை அவரது உறுதிமொழிப் பத்திரத்தில் எவரும் படிக்கலாம். 2013 முதல் ‘நோட்டா’ பொத்தான் இருக்கிறது. அது எத்தனை வாக்குப் பெற்றாலும் தேர்தலை ரத்து செய்யாது என்ற குறை இருந்தாலும், மனத்தாங்கலைப் பதிவு செய்யும். வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சிகள் வெளிப்படையாகக் காரணம் கூற வேண்டும், வெற்றி வாய்ப்பு மட்டும் காரணம் ஆகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தக் காரணத்தைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் எதிர்க்கட்சியினரைவிட அக்கட்சியின் சொந்த வாக்காளர்களே. எப்படியும் வாக்குக் கிடைக்கும் என்று தெரிந்த கட்சி, நல்ல ஆளைத் தேட ஏன் சிரமப்படப் போகிறது?

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் அடுத்த தேர்தலில்தான் முதல் முறையாக விரலில் மை வைத்துக்கொள்ளப் போகிறோம். சின்னத்தைப் பாருங்கள், கொள்கை அதில் இருக்கிறது. ஆளையும் பாருங்கள், அந்தக் கொள்கையைச் சுமக்கப் போகும் தோள் அவருடையது. நான் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இந்த முறை யாரைப் போட்டிருக்கான்னு பேப்பர்ல பார்த்துச் சொல்லு” என்றார். அரங்கம் நிறைந்த கைதட்டலைவிட எனக்கு அது பெரிது.