எலி நஞ்சு நகராட்சிக் கொள்கை ஆகாது

பெங்களூருவின் அடுக்ககங்களும் கல்லூரி விடுதிகளும் எலித்தொல்லைக்கு இன்று அறிந்திருக்கும் ஒரே விடை மாதக் கட்டண ஒப்பந்தம். பணியாளர் வருகிறார், சுவரோரம் பசை அட்டை வைக்கிறார், தோட்டத்து வளைகளில் நஞ்சுக்கட்டியைப் போடுகிறார், பதிவேட்டில் கையொப்பம் பெற்றுச் செல்கிறார். மறுமாதமும் வருகிறார்; எலிகளும் இருக்கின்றன. தீராத நோய்க்குத் திங்கள்தோறும் கூலி கொடுக்கும் இவ்வழக்கத்திற்கு ‘அறிவியல்முறைக் கட்டுப்பாடு’ என்று பெயர் சூட்டுவது அறிவியலுக்கே இழுக்கு.

இந்நகரம் இதனினும் தெளிவாகச் சிந்தித்த காலம் உண்டு. 1898இல் பிளேக் பெங்களூருவைத் தாக்கியது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயைப் பரப்புகிறது என்பதைப் பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டறிந்ததும் அதே ஆண்டில்தான். நெரிசல் மிகுந்த பழைய பேட்டைக்கு மாற்றாகப் பசவனகுடியும் மல்லேசுவரமும் விரிந்தன. பின்னர்த் தண்டுப் பகுதியில் எழுந்த பிரேசர் டவுன், பிளேக் அணுகாத குடியிருப்பாகவே திட்டமிடப்பட்டது. அப்பணியை ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914இல் நூலாகவும் எழுதினார். காலனிய அரசின் பிளேக் நடவடிக்கைகள் ஏழைகள்மீது கடுமையாக இறங்கின என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓர் உண்மை அன்றே விளங்கியிருந்தது: எலி என்பது கட்டடத்தின் வினா, காற்றின், வடிகாலின், குப்பையின் வினா.

நஞ்சை நம்புவோர் எலியின் இனப்பெருக்கத்தைக் கணக்கில் கொள்வதில்லை. அதன் சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரமே. உணவும் பதுங்கிடமும் குறையாதவரை, செத்தவற்றின் இடத்தை எஞ்சியவற்றின் குட்டிகள் நிரப்பிவிடும். 1940களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் முதலிய சூழலியலாளர்கள் நடத்திய ஆய்வுகள் இதையே காட்டின: கொன்று குறைத்த தொகை மீண்டும் பெருகியது, குப்பையையும் பதுங்கிடத்தையும் நீக்கிய பகுதிகளில் அது தாழ்ந்தது.

ஒப்பந்தக்காரருக்கு எல்லாம் ‘எலி’. சுண்டெலி ஒரு பென்சில் நுழையும் துளையிலேயே புகுந்துவிடும். வீட்டெலி மரக்கிளையிலும் கம்பியிலும் ஏறி வரும். பெருச்சாளி வடிகாலுக்கும் மதிலுக்கும் அடியில் வளை தோண்டும். மூவகைக்கும் மூவேறு தடுப்பு வேண்டும். பசை அட்டையோ இவற்றைப் பிரித்தறியாது. எலியினமே அல்லாத, பூச்சி தின்னும் மூஞ்சூறும் பல்லியும் சிட்டும்கூட அதில் ஒட்டித் துடித்துச் சாகின்றன.

இம்முறையின் விலையைக் கொடுப்போர் வேறு சிலர். புரோமடியலோன் உண்ட எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரியும் அதைத் தின்னும் கூகைக்கும் அந்நஞ்சு போய்ச் சேர்கிறது. எலிகளை இயற்கையாகக் குறைக்கும் பறவையை இழப்பது எவ்வகைச் சிக்கனம்? மஞ்சள் பாஸ்பரஸ் பசை மனித ஈரலை அழிப்பது. அதற்கு மாற்றுமருந்து இல்லை. தற்கொலைச் சாவுகளைக் கண்டு தமிழ்நாடு அதனைத் தடை செய்தது. பிரிக்கப்படாத குப்பையை வெறுங்கையால் அள்ளும் துப்புரவுப் பணியாளரின் தோல் கீறலில், எலிச் சிறுநீர் கலந்த ஈரத்தின் வழியே எலிக்காய்ச்சல் நுழைகிறது. மேல்மாடியில் வைக்கும் நஞ்சு அவரைக் காப்பதில்லை. மூடிய தொட்டி காக்கும்.

விலங்கியல் துறையும் கட்டடக்கலைத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் கல்விநிலையங்கள்கூட இவ்விரு துறைகளையும் கேட்காமல் பசை அட்டை வாங்குகின்றன. உணவுக்கழிவை அன்றாடம் அகற்றுதல், வடிகால் வாய்க்குக் கம்பிவலை, குழாய் நுழையும் துளைக்குச் சிமெண்டுப் பூச்சு, கதவடி இடைவெளிக்குத் தகடு: இவற்றில் எதுவும் புதுமையன்று, எதற்கும் ஆய்வு நல்கை வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தம் கையெழுத்துக்கு வரும்போது, எத்தனை எலி செத்தது என்று கேட்பதை விடுத்து, எத்தனை துளை அடைபட்டது என்று விடுதி மாணவர்களேனும் கேட்கட்டும்.